மேல் அறைக்கு ஏறாத அலுமாரி

கிரின்ஸ்டெட்
12.01.2025

அன்பின் நிரோஜினிக்கு,

தொலைபேசியில் கதைக்க மாட்டேன், சொல்ல ஏதும் இருந்தால் எழுதி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டாய். சரி, எழுதுகிறேன். அகதி முகாமிலிருந்து அம்மாவுக்கு எழுதியதற்குப் பிறகு நான் பேனா பிடித்துக் கடிதம் எழுதுவது இதுதான். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

நத்தார்ப் பண்டிகைக்கு முன்பு போனாய். ஹ்விடோவ்ரேயில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறது, கொஞ்ச நாள் செய்து பார்க்கிறேன் என்றாய். நானும் நம்பினேன். பிறகு சாரங்கிதான் சொன்னாள், அம்மா அங்கே வீடே எடுத்துவிட்டா என்று. ஏன் என்று கேட்டேன். நம் மகள் எனக்குத் தமிழில் பதில் சொல்லி எத்தனை நாளாகிறது? டெனிஷில் சொன்னாள்: அலுமாரியைப் பற்றி அம்மாவிடமே கேளுங்கள்.

கடையில் யாரைக் கண்டாலும் "எங்கை நிரோ?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல? படுக்கையறையில் அலுமாரி இல்லை என்று மனுசி வீட்டைவிட்டுப் போய்விட்டாள் என்றா? சொன்னால் எனக்குத்தான் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைப்பார்கள். பக்டரியில் என்னோடு ஒரே லைனில் நிற்கிற பேதுருவிடம் மட்டும் சொன்னேன். "அலுமாரிக்காகவோ?" என்று இரண்டு தரம் கேட்டான்.

இந்த வீடு 1934இல் கட்டியது. அந்தக் காலத்து டெனிஷ்காரன் படுக்கையறையில் அலுமாரி வைத்துக் கட்டவில்லை. அது என் குற்றமா? பக்கத்து வீட்டு ஸ்வென்னையும் விசாரித்தேன். அவர் பிறந்ததே இப்படியொரு வீட்டில்தான். கதவுக்குப் பின்னால் கொளுக்கிகள், ஒன்றில் வேலை உடுப்பு, ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, அவ்வளவுதானாம். வீட்டை வாங்கும்போது விற்றுத் தந்த தரகன், அந்த மெய்லரும் அதைத்தானே சொன்னான்: அறையென்றால் ஜன்னல் வேண்டும், நிமிர்ந்து நிற்க உயரம் வேண்டும், அலுமாரியை யாரும் கேட்பதில்லை. நம் அறையில் இரண்டு ஜன்னல் இருக்கிறது.

உனக்கு அலுமாரி இல்லாமலும் இல்லை. மாமா தந்த அலுமாரி கீழே நிற்கிறது. மேலே இல்லை என்பதுதானே குறை? வீட்டுக்குள் நாலு அடி நடப்பது இவ்வளவு பெரிய கொடுமையா என்று யோசித்துப் பார். யோசித்துவிட்டு வா.

பாலேந்திரா


ஹ்விடோவ்ரே
21.01.2025

சாரங்கியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பேதுரு அண்ணையிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றிப் பிறகு எழுதுவேன், இப்போது மனம் வரவில்லை.

நான் இருப்பது அறுபதுகளில் கட்டிய மாடிக் கட்டடம். ஒரு அறை, ஒரு குசினி. அறையின் ஒரு பக்கச் சுவர் முழுக்க அலுமாரி. வெள்ளைக் கதவுகள், நிலத்திலிருந்து முகடு வரைக்கும். நான் கொண்டுவந்தது ஒரு சூட்கேஸ், எல்லாம் ஒரு கதவுக்குள்ளேயே அடங்கிவிட்டது. மற்றக் கதவுகளைச் சும்மா திறந்து திறந்து பார்த்தேன். அடுத்த நாள் காலையில் குளித்துவிட்டு வந்து, கதவைத் திறந்து, உடுப்பை எடுத்து, அதே இடத்தில் நின்று உடுத்தினேன். அழுகை வந்துவிட்டது. நாற்பத்துநாலு வயதில் உடுப்பு மாற்றுவதற்கு அழுகிற என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

பழைய வீட்டில் அலுமாரி இல்லை என்று சட்டம் பேசுகிறீர்கள். என்னோடு வேலை செய்கிற யசிந்தா போன வருடம்தான் புத்தம் புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் குடிபோனாள். அங்கேயும் ஒரு அறையிலும் அலுமாரி இல்லை. இப்போது அதுதான் மோஸ்தராம், வெறும் வெள்ளைச் சுவர். சாவி வாங்கிய அன்றே அவளும் புருசனும் கடைக்குப் போய் ஒன்றை வாங்கிவந்து, சண்டை பிடித்துச் சண்டை பிடித்து இரண்டு நாளில் பலகை பலகையாகப் பூட்டி நிறுத்திவிட்டார்கள். ஆகவே வீடு பழசா புதுசா என்பதில்லை விசயம். அவளுடைய புருசனுக்கு இரண்டு நாள். உங்களுக்குப் பத்தொன்பது வருடமும் போதவில்லை.

அலுமாரி கீழே நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஏன் கீழே நிற்கிறது என்பதை மறந்துவிட்டீர்களா? சீதனம் என்று நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்வீர்கள். அப்பாவாகத்தான் தந்தார். பிராண்டேயில் பக்டரி வேலை முடிந்து வந்து, மரவேலைக்காரனிடம் போய்ப் போய் நின்று, ஓக் மரத்தில் சொல்லிச் செய்வித்தார். "உன்ர சாமானுக்கு உன்ர இடம் ஒண்டு வேணும் பிள்ளை" என்றார். வண்டியில் வந்து இறங்கியது. படியில் அந்தத் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. கொண்டுவந்த டெனிஷ்காரன், கழற்றித் துண்டு துண்டாக ஏற்றலாம், ஒரு மணித்தியால வேலை என்று தன் வேலை ஆயுதப் பெட்டியைத் திறந்துவிட்டான். நீங்கள்தான் மறித்தீர்கள். யாழ்ப்பாணத்துக்கு அழைப்பெடுத்தீர்கள். "பொம்பிளையோட வந்த அலுமாரியைக் கலியாணக் கிழமையிலை கழட்டக் கூடாது, குடும்பம் பிரியும்" என்று மாமி சொன்னா. கலியாணக் கிழமை முடிந்தது. அந்த வருடம் முடிந்தது. மாமியும் போய்ச் சேர்ந்துவிட்டா. அலுமாரி மட்டும் பின்கதவு அறையில், தோய்க்கிற மெஷினுக்கும் உங்கள் பூட்சுகளுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

நம் யூலாந்துப் பக்கத்தில் முன்கதவால் வருவது மதம் பரப்புகிறவர்கள் மட்டும்தான். மற்ற எல்லோரும் பின்கதவால்தான் வருவார்கள். தட்டிவிட்டு, பதிலுக்கு நிற்காமல், திறந்துகொண்டு வருவார்கள். நீங்கள் மேலே உங்கள் லாச்சியை இழுத்துச் சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு இறங்கி வருவீர்கள். நான் துவாயைச் சுற்றிக்கொண்டு குசினி வழியாக அந்த அறைக்கு ஓட வேண்டும். கொட்டும் பனியிலும் அப்படித்தான். சாரங்கி வயிற்றில் இருந்தபோதும் அப்படித்தான். அது நாலு அடி நடை இல்லை.

மேல் அறையில் எனக்கு ஒரு அலுமாரி வேண்டும் என்று எத்தனை தரம் கேட்டேன். "பாப்பம்" என்பீர்கள். அந்தப் பாப்பத்தோடுதான் என் வயது போனது.

நிரோஜினி


கிரின்ஸ்டெட்
02.02.2025

அன்பின் நிரோஜினிக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அதைச் சுருட்டி எறிந்தேன். பிறகு எடுத்து விரித்து மறுபடியும் வாசித்தேன். நீ சொன்னாய், இப்போது நான் சொல்கிறேன்.

மாமா அந்த அலுமாரியைத் தந்தபோது எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். எனக்கு மட்டும் முகம் சுருங்கியது. ஏன் தெரியுமா? அதற்கு இரண்டு மாதம் முதல் அவருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினேன். மேல் அறையில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். "படுக்கிற அறையிலை ஒண்டுமே இல்லையே தம்பி" என்றார். பிராண்டேயில் புதிதாகக் கட்டுகிற வீடுகளில் ஒன்றை எடுத்திருக்கலாம் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார், அதுவும் என் காதுக்கு வந்தது. கலியாணக் கிழமை அலுமாரி வந்து இறங்குகிறது. எனக்கு அது அன்பளிப்பாகத் தெரியவில்லை. உன்னால் என் மகளுக்கு ஒரு அலுமாரி கூட வைக்க முடியாது என்று ஊருக்கு முன்னால் சொன்னது போல இருந்தது.

இன்னொன்றும் கேள். படியை அளந்து பார்க்காமல் அலுமாரி செய்வித்தவர் அவர். குற்றவாளி நான்.

முகாமில் நாலு பேருக்கு ஒரு இரும்பு அலுமாரி. என் பங்கு ஒரு தட்டு. அதுவும் காலியாகத்தான் கிடந்தது, ஏனென்றால் என்னிடம் இருந்தது ஒரு பை. இந்த வீட்டை வாங்கியபோது கூரை என்னுடையது, சுவர் என்னுடையது என்ற எண்ணம்தான் இருந்தது. அலுமாரி என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. வேலை முடிந்து பின்கதவால் வந்து பூட்சைக் கழற்றும்போதெல்லாம், மாமாவே அங்கே நின்று என்னை மேலும் கீழும் பார்ப்பது போல இருக்கும். அதைக் கழற்றி மேலே ஏற்றினால் படுக்கையறையிலும் வந்து நின்று பார்ப்பார் என்று இருந்தது. அதுதான் உண்மை. அம்மா சொன்னது எனக்கு வசதியாகப் போய்விட்டது.

சரி. கட்டுகிறேன். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் இடம் இருக்கிறது, நேற்று அளந்து பார்த்தேன். கூரை சரிவதால் ஒரு பக்கம் உயரம் குறையும். சேலை எவ்வளவு நீளத்துக்குத் தொங்கும்? எத்தனை தட்டு வேண்டும்? உன்னிடம் என்னென்ன உடுப்பு இருக்கிறது என்று யோசித்தால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுது.

கட்டினால் வருவாயா? ஓம் அல்லது இல்லை, இரண்டில் ஒன்று சொல்லு.

பாலேந்திரா


ஹ்விடோவ்ரே
16.02.2025

சாரங்கியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். பஸ்ஸில் ஒரு தரம், வேலை இடத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு தரம் வாசித்தேன். அப்பாவைப் பற்றி எழுதியதற்கு முதலில் கோபம் வந்தது. பிறகு பாதி சரி என்று பட்டது. அவர் படியை அளக்கவில்லைத்தான். பிராண்டே வீட்டைப் பற்றி அம்மாவிடம் சொன்னதும் உண்மைதான். ஆனால் அவர் உங்களைக் குறைவாக நினைக்கவில்லை. மகளை அனுப்பப் போகிற நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் மரவேலைக்காரனிடம் போய் நின்ற மனுசன் அவர். இதை நீங்கள் அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் நானும் அன்றைக்கே சொல்லியிருப்பேன். உங்கள் மனதில் கிடந்த ஒன்றை இத்தனை வருடத்தில் இப்போதுதான் கேட்கிறேன்.

சேலையை நான் தொங்கவிடுவதில்லை. மடித்துத்தான் வைப்பேன். பட்டுச் சேலைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைப்பேன், கூறைச் சேலை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும். வருடத்துக்கு ஒரு தரம் மடிப்பை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பிலேயே கிழியும். தொங்கவிட வேண்டியது வேலை உடுப்பும் குளிர்க் கோட்டும்தான். மேல் தட்டு எனக்கு எட்ட வேண்டும். நீங்கள் உங்கள் உயரத்துக்குச் செய்துவிட்டு, "கதிரை போட்டு ஏறன்" என்பீர்கள், எனக்குத் தெரியும்.

ஓம் என்று எழுதுகிறேன். அந்த அறையில் எனக்கு ஒரு அலுமாரி இருந்தால் வருவேன். இதைக் கிழிக்காமல் உறைக்குள் வைப்பதே எனக்குப் பெரிய வேலையாக இருக்கிறது.

இன்னும் ஒரு விசயம் இருக்கிறது. அது நவம்பரில், அந்த மண்டபத்தில் நடந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. அதையும் சொன்னால்தான் முழு மனதோடு வர முடியும். இரண்டு தரம் எழுதிப் பார்த்தேன், பேனா நகரவில்லை. எழுதாமல் விடமாட்டேன்.

சாரங்கி போன கிழமை வந்து போனாள். அப்பா பருப்பை அடிப்பிடிக்க வைத்து அதையே சாப்பிடுகிறார் என்றாள். தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள்.

நிரோஜினி


ஹ்விடோவ்ரே
09.03.2025

சாரங்கியின் அப்பாவுக்கு,

எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு வைலேயில் ஒரு கலியாணத்துக்கு வெளிக்கிட்டோம். நான் பின்கதவு அறையில் அலுமாரிக்கு முன்னால் நிற்கிறேன். உள்பாவாடை கட்டியிருக்கிறேன், சட்டை ஒரு கையில் மட்டும் ஏறியிருக்கிறது. கதவு திறந்தது. பேதுரு அண்ணை. உங்களிடம் துளைபோடுகிற மெஷின் வாங்க வந்தவர். அவர் திகைத்துப்போய்ப் பின்னால் நகர்ந்து, பூட்சில் தடுக்கி, மன்னிக்கச் சொல்லிக்கொண்டே வெளியில் போய்விட்டார். அவர் மேல் குற்றமில்லை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உங்களிடம் சொன்னேன். "கொண்டியைப் போட்டிருக்கலாமே" என்றீர்கள். நான் அதை விழுங்கிவிட்டேன்.

பிறகு போன நவம்பர், றொஜிதன் வீட்டுப் பிள்ளை வயதுக்கு வந்த சாமத்தியவீடு. பிராண்டேயில் மண்டபம் நிறைந்த சனம். நான் பாயசக் கோப்பைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு ஆம்பிளைகள் இருந்த மேசைக்கு வருகிறேன். நீங்கள் எழும்பி நின்று கதை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு கைகளையும் நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்து, குரலை என் குரல் மாதிரி மெல்லிசாக்கி, "ஐயோ அண்ணை, ஐயோ அண்ணை" என்று துள்ளிக் காட்டுகிறீர்கள். மேசை முழுக்கச் சிரிப்பு. பேதுரு அண்ணையும் குனிந்துகொண்டு சிரிக்கிறார். என்னைக் கண்டதும் நீங்கள் நிறுத்தவில்லை. "இந்தா, கதாநாயகியே வாறா" என்றீர்கள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பார்த்த ஒவ்வொருவருடைய கண்ணிலும் நான் அந்தக் கோலத்தில்தான் நின்றேன்.

பக்கத்து மேசையிலிருந்து சாரங்கி, போதும் அப்பா என்று டெனிஷில் கத்தினாள். நான் கோப்பைகளை ஒவ்வொன்றாக வைத்தேன். உங்களுக்கும் ஒன்று வைத்தேன். நீங்கள் அதைக் குடித்தீர்கள்.

அலுமாரி மேலே இருந்திருந்தால் இப்படியொரு கதை உங்களுக்குச் சொல்லக் கிடைத்திருக்காது. அதனால்தான் அலுமாரி அலுமாரி என்று நிற்கிறேன். ஜன்னல் எத்தனை, உயரம் எவ்வளவு என்று எனக்கு எழுதுகிறீர்கள். ஒரு வீட்டில் ஒரு பொம்பிளை கதவைச் சாத்திவிட்டு உடுப்பு மாற்ற ஒரு இடம் வேண்டும். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

நீங்கள் கட்டுங்கள், நான் சொன்ன சொல்லில் நிற்கிறேன். ஆனால் இதற்கும் ஒரு பதில் வேண்டும். மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அது பிழை என்று உங்களுக்கு விளங்குகிறதா என்று மட்டும் எழுதுங்கள். பேதுரு அண்ணையை இதற்குள் இழுக்க வேண்டாம். அவரோடு இதைக் கதைக்கவே வேண்டாம். இது உங்களுக்கும் எனக்கும் இடையில் உள்ளது.

நிரோஜினி


கிரின்ஸ்டெட்
10.03.2025

அன்பின் நிரோவுக்கு,

வேலை முடிந்தது. நீ எழுதுவதாகச் சொன்ன கடிதம் இன்னும் வரவில்லை. அது வரும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை, சொல்லிவிடுகிறேன். மேல் அறையில் அலுமாரி நிற்கிறது. கட்டிலுக்கு எதிர்ச் சுவர் முழுக்க.

பலகை வாங்கக் கடைக்குத்தான் வெளிக்கிட்டேன். பேதுருதான் மறித்தான். "மச்சான், கீழை நிக்குதே ஓக் மரம், அதைவிட நல்ல பலகை எங்கை வாங்கப் போறாய்?" என்றான். எனக்கு ஏன் இது இத்தனை வருடம் தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். கழற்றத்தான் பார்த்தோம். திருகாணி எல்லாம் துருவேறி இறுகிவிட்டது, தோய்க்கிற மெஷினின் ஈரம். அதனால் அறுத்தோம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவன் தன் வாளோடு வந்து நின்றான். கூலி தருகிறேன் என்றால் கோபிக்கிறான். நிரோ திரும்பி வந்தால் அதுவே போதும் என்கிறான். நீ அவனைப் பற்றி என்ன நினைக்கிறாயோ, நல்ல மனுசன்.

அறுப்பதற்கு முன்பு உன் உடுப்பு முழுவதையும் நாங்கள் இருவரும் மேலே காவினோம். ஒன்றும் கலையக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தோம். உன் உள்ளுடுப்பு லாச்சியை அவன் அப்படியே இழுத்தெடுத்துக் காவிக்கொண்டு போய் வைத்தான். சேலை மடிப்பு மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தாய் அல்லவா? எனக்குக் கை வரவில்லை. அவன் நாலு தங்கச்சிமாரோடு வளர்ந்தவன், என்னைவிட நன்றாக மடிக்கிறான். கூறைச் சேலையையும் மடித்து அடியில் வைத்திருக்கிறான்.

மேல் தட்டு உன் உயரத்துக்குத்தான். கதிரை வேண்டாம். பூட்டை எடுத்துவிட்டேன், நம் அறையில் யாருக்குப் பயந்து பூட்டு?

மாமா தந்த அலுமாரி கடைசியில் படியேறிவிட்டது என்று பேதுருவிடம் சொன்னேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி அது என்னைப் பார்ப்பது போல இல்லை.

ஈஸ்டர் விடுமுறைக்கு முன்பே வா. வைலே ரயிலடிக்குக் காரோடு வருவேன்.

உன் பாலா


கிரின்ஸ்டெட்
15.03.2025

நிரோஜினிக்கு,

உன் ஒன்பதாம் திகதிக் கடிதம் நேற்றுத்தான் வந்தது. இந்த நாட்டில் இப்போது கடிதம் நடந்து வருகிறது.

வாசித்தேன். நான் அதைப் பகிடியாகத்தான் சொன்னேன். ஆம்பிளைகள் நாலு பேர் இருந்தால் பகிடி வரும். யாரும் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. றொஜிதன் தன் மனுசி கார் ஓட்டப் பழகிய கதையைச் சொன்னான், அவளும் நின்று சிரித்தாள். உனக்கு அவ்வளவு நொந்தது என்றால் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பாயசத்தை வைத்துவிட்டுப் போனாய், நான் எப்படி அறிவேன்?

நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாய், ஆனாலும் பேதுருவிடம் நேராகவே கேட்டேன். உன் மனம் ஆறட்டும் என்றுதான் கேட்டேன். அன்றைக்கு அவன் ஒன்றையும் பார்க்கவில்லையாம். வெளிச்சம் கண்ணில் அடித்ததாம். "நிரோவிட்டை சொல்லு, நான் ஒண்டும் காணேல்லை" என்றான். உன் கடிதத்தையும் காட்டினேன். வாசித்துவிட்டுப் பாவம், மடித்துத் தந்துவிட்டுப் போய்விட்டான். இனியாவது அந்தப் பயத்தை விடு.

நீ கேட்டது அலுமாரி. கட்டிவிட்டேன். கட்டினால் வருவேன் என்று உன் கையால் எழுதியிருக்கிறாய். நான் என் பக்கத்தைச் செய்துவிட்டேன். இனி நீதான்.

பாலேந்திரா


ஹ்விடோவ்ரே
30.03.2025

சாரங்கியின் அப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை நீங்கள் காலை வேலைக்குப் போயிருந்தபோது நான் கிரின்ஸ்டெட்டுக்கு வந்தேன். வைலே வரை ரயில், அங்கிருந்து சாரங்கி தான் இருக்கிற ஓகூஸிலிருந்து கொண்டுவந்த கார். வந்து பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது என்று நினைத்தேன். உங்கள் இரண்டாம் கடிதத்துக்குப் பிறகு எனக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொண்டு வந்தது உண்மை. பதினாறாம் திகதி ஓம் என்று எழுதியது பொய்யில்லை. யசிந்தாவிடம்கூடச் சொல்லிவிட்டேன், நான் வீட்டுக்குப் போய்விடுவேன், வேறு ஆளைப் பார்க்கச் சொல்லு என்று.

மேலே போனேன். அலுமாரியைத் திறந்து பார்த்தேன். நல்ல வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை. கதவுகள் சத்தமில்லாமல் சாத்துகின்றன, மேல் தட்டு எனக்கு எட்டுகிறது. அப்பாவின் அலுமாரிக் கதவைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள், சாவித் துவாரம் இப்போது என் முழங்காலுக்கு நேரே இருக்கிறது. அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி இருந்தது, இரண்டும் என்னிடம்தான் இருந்தன, போகும்போது பூட்டாமல்தான் போயிருந்தேன். அலுமாரியை அறுத்ததற்குக்கூட நான் கோபிக்கவில்லை. கோபிக்கத்தான் வந்தேன், ஆனால் பார்த்தபோது, இதை இரண்டு பேருமாகச் சேர்ந்து அன்றைக்கே செய்திருக்கலாம் என்ற வருத்தம்தான் வந்தது. அப்பாவும் ஓம் என்றிருப்பார்.

பிறகு சேலைகளைப் பார்த்தேன். ஒரே அளவாக, கடையில் அடுக்கியது போல அடுக்கி இருந்தன. கூறைச் சேலையை எடுத்தேன். அதை விரித்தால் எங்கெங்கே மடிப்பு இருக்கும் என்று என் கைக்குத் தெரியும். அதில் இன்னொருவருடைய மடிப்பு இருந்தது. அதற்குப் பிறகு எந்த உடுப்பையும் தொட எனக்கு மனம் வரவில்லை. அரைகுறை உடுப்போடு என்னைக் கண்ட ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, என் உள்ளுடுப்பைக் காவச் செய்திருக்கிறீர்கள். அதை எனக்குச் சந்தோசச் செய்தியாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது என் கடிதம் வரவில்லை, தெரியாமல் செய்தீர்கள் என்று என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தேன். கடிதம் வந்த பிறகு என்ன செய்தீர்கள்? அதைக் கொண்டுபோய் அவருக்கே வாசிக்கக் கொடுத்தீர்கள். நான் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததை உங்களுக்கு மட்டும் எழுதினேன். மண்டபத்தில் செய்ததையே நீங்கள் மறுபடியும் செய்தீர்கள், இந்தத் தரம் யாரும் சிரிக்கவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

நீங்களே மடித்திருக்கலாம். கசங்கி, ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு, குப்பையாகக் கிடந்திருந்தாலும் நான் வந்திருப்பேன். உங்களை எவ்வளவு எதிர்பார்த்தேன் என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

அது பிழை என்று விளங்குகிறதா என்று கேட்டிருந்தேன். அவர் பார்க்கவில்லையாம் என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். அவர் பார்த்தாரா என்று நான் கேட்கவே இல்லை.

அலுமாரி இருந்தால் வருவேன் என்று என் கையால் எழுதினேன். வந்தேன், பார்த்தேன், போகிறேன். என் உடுப்பு எல்லாவற்றையும் நானும் மகளும் காரில் ஏற்றினோம். தோய்த்து, உலர்த்தி, என் கையால் மடித்து வைக்க எனக்கு இங்கே இடம் இருக்கிறது. சாரங்கி காரை ஓட்டிக்கொண்டே "அம்மா, நான் கேக்கட்டோ அப்பாட்டை?" என்று தமிழில் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

பிரிவதற்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன், உங்களுக்கும் அறிவித்தல் வரும். வீட்டுப் பத்திரத்தில் என் பெயரும் இருப்பதால் வீட்டை விற்க வேண்டி வரும். மெய்லர் வந்து பார்க்கும்போது, மேல் அறையில் அலுமாரி உண்டு என்று மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். ஓக் மரம் என்றும் எழுதட்டும். வாங்கப் போகிறவள் யாரோ எனக்குத் தெரியாது. அவள் குடிவந்த முதல் நாளே தன் உடுப்பை மேலே கொண்டுபோய் வைத்து, கதவைச் சாத்திவிட்டு உடுத்திக்கொள்வாள். அவளுக்காவது அதைக் கட்டிக் கொடுத்தீர்கள்.

நிரோஜினி